தனியாக ஓர் ஊரில், திட்டமே இல்லாமல் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியாக வெளியூர் போனால் அதில் ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவிடுவது என் பழக்கம். இதைச் சொன்னதும் கேட்பவர் முகத்தில் முதலில் கொஞ்சம் பொறாமை தெரியும், அடுத்த நொடி சந்தேகம் வந்துவிடும். வருஷக்கணக்காக அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

பிளான் இல்லாத நாள்னா என்ன? சும்மா ஊர் சுத்துறதுதானே?

ஆமாம், ஊர் சுற்றுவதுதான். ஆனால் பத்து இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவதும் ஊர் சுற்றுவதுதான். நான் சொல்வதில் பட்டியல் கிடையாது. காலையில் எங்கிருந்து கிளம்புகிறேன், இரவு எங்கே படுக்கிறேன் என்ற இரண்டு முனைகளிலும் முடிச்சுப் போட்டிருக்கும். நடுவில் உள்ளது அவிழ்ந்து கிடக்கும்.

இது ஒன்றும் புதுசு இல்லை. 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில், வேலை எதுவும் இல்லாமல் தெருவை வேடிக்கை பார்த்தபடி நடப்பவருக்கு ‘ஃபிளானர்’ என்று ஒரு பெயரே இருந்தது. 1950-களில் அதே பாரிஸில் கீ தெபோர் என்ற பிரெஞ்சு எழுத்தாளரும் அவருடைய கூட்டாளிகளும் நகரத்துக்குள் இலக்கில்லாமல் திரிவதை ஒரு சோதனை போலவே செய்து பார்த்தார்கள். ஒரு திரிதலின் சராசரி அளவு ஒரு நாள், அதாவது இரண்டு தூக்கங்களுக்கு நடுவே உள்ள நேரம் என்பது அவருடைய கணக்கு. அந்த அளவு எனக்குப் பிடித்திருக்கிறது. தனியாகத் திரிவதைவிட இரண்டு மூன்று பேராகத் திரிவதே பலன் தரும் என்றும் அவர் சொன்னார். அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் முதல் தெருமுனையிலேயே பஞ்சாயத்து தொடங்கிவிடும்.

எந்த நாளை இதுக்கு ஒதுக்கணும்? முதல் நாளா, கடைசி நாளா?

இரண்டும் வேண்டாம். முதல் நாள் உடம்பு பயணக் களைப்பில் இருக்கும். கடைசி நாள் மனசு பெட்டியிலேயே இருக்கும். இரண்டாவது அல்லது மூன்றாவது நாள் சரியாக வரும். அதற்குள் காசு, பேருந்து, தெருவைக் கடப்பது எல்லாம் ஓரளவு பழகியிருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பல நாடுகளில் அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும். பாரிஸின் லூவ்ருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எல்லாம் பூட்டிக் கிடக்கும் நாளைத் திட்டமில்லாத நாளாக வைத்துக்கொண்டால், எதையோ விட்டுவிட்டோம் என்ற உறுத்தல் பாதி குறையும்.

சரி, காலையில ரூமை விட்டு வெளிய வந்தாச்சு. எந்தப் பக்கம் போறது?

இந்த ஒரு நிமிஷம்தான் எல்லோரையும் மிரட்டுகிறது. வாசலில் நின்று மேப்பைத் திறந்தீர்களானால் நாள் போச்சு, ஏனென்றால் அது உடனே ‘அருகில் பார்க்க வேண்டியவை’ என்று ஆரம்பித்துவிடும். வெயில் ஏறும் ஊரானால் நிழல் விழும் பக்கமாக நடங்கள், குளிர் ஊரானால் வெயில் பக்கமாக. இவ்வளவு சின்னக் காரணம் போதும். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு தெருவே ஏதாவது சொல்லும்: ஒரு சத்தம், ஒரு மணம், கையில் காய்கறிப் பையோடு எதிரே வருகிற நாலு பேர். பை எங்கிருந்து வருகிறதோ அங்கே சந்தை இருக்கும்.

அப்படியும் கால் நகரவில்லை என்றால் நான் செய்வது இது. முதலில் வருகிற நகரப் பேருந்திலோ டிராமிலோ ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய் இறங்கி, அங்கிருந்து மையத்தை நோக்கித் திரும்ப நடப்பேன். பெரும்பாலான பயணிகள் மையத்தில் தொடங்கி, களைத்துப்போகும் இடத்தில் நின்றுவிடுகிறார்கள். இந்த வழியில் ஊரின் ஓரத்தைத் தெம்பாக இருக்கும்போதே பார்த்துவிடலாம். ஏறும் முன் திரும்பி வரும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்காமல் ஏறிவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு காலி நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். விடுமுறை நாள் அட்டவணை வேறு என்பது அன்றுதான் உறைத்தது.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கலாம்?

சாதாரணமாக மணிக்கு நாலரை, ஐந்து கிலோமீட்டர் நடப்போம். வேடிக்கை பார்த்து நடந்தால் அது மூன்றாகிவிடும். நின்று, உட்கார்ந்து, திரும்பி என்று நாள் முழுக்கச் சுற்றினால் 12 முதல் 15 கிலோமீட்டர் தானாகவே சேர்ந்துவிடும். கிட்டத்தட்ட 20,000 அடிகள். வீட்டில் இருக்கும்போது ஐந்தாயிரம் தாண்டாதவர் என்றால் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மறுநாளும் அதே கால்கள்தான்.

செருப்பா, ஷூவா? பையில என்னென்ன வெச்சுக்கணும்?

ஏற்கெனவே பழகிய எதுவானாலும் சரி. பயணத்துக்கென்று வாங்கிய புது ஷூ மட்டும் வேண்டாம். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் கொப்புளம் சுலபமாக வந்துவிடும். அது எழும்புவதற்கு முன்பே அந்த இடம் சுடுகிற மாதிரி இருக்கும். ‘அடுத்த தெரு வரைக்கும் போயிடலாம்’ என்று பல்லைக் கடிக்காமல் அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள். எழும்பிவிட்டால் உடைக்காமல் மூடி வையுங்கள். ஒரு ஜோடி மாற்று சாக்ஸ் பையில் இருந்தால் மத்தியானத்துக்கு மேல் புது ஜென்மம் எடுத்த மாதிரி இருக்கும்.

மற்றபடி தண்ணீர், மெல்லிய மழைச்சட்டை, கொஞ்சம் சில்லறை, தங்கும் இடத்தின் அட்டை. அட்டையை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு முறை இருட்டுகிற நேரத்தில் போன் அணைந்துவிட்டது. விடுதியின் பெயர் ‘கிராண்ட்’ என்று ஆரம்பிக்கும் என்பது மட்டும் நினைவில் இருந்தது. அந்த ஊரில் பாதி விடுதிகள் கிராண்ட்தான்.

பாஸ்போர்ட் விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பான் போன்ற சில நாடுகளில் வெளிநாட்டவர் அசலையே கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கட்டாயம் இல்லாத இடத்தில் நான் நகலை எடுத்துக்கொண்டு அசலை அறையில் பூட்டிவிடுவேன்.

வழி தவறிட்டா என்ன பண்றது? எனக்கு எங்க ஏரியாவுலயே திசை தெரியாது.

இரண்டு முனைகள் என்று முதல் பதிலில் சொன்னேனே, அது இருக்கும் வரை நீங்கள் தொலைந்துபோனதாக அர்த்தம் இல்லை. இரவு போய்ச் சேர வேண்டிய இடத்தின் முகவரி கையில் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. அப்படியானால் நீங்கள் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

திசை உணர்வு பிறவியிலேயே வர வேண்டும் என்றில்லை. கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்க நகர்த் திட்ட அறிஞர் பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய மூன்று நகரங்களின் மக்களிடம் அவரவர் ஊரை எப்படி மனதில் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து, 1960-இல் ஐந்து விஷயங்களைச் சொன்னார். நடக்கும் பாதைகள், ஆறு அல்லது ரயில் பாதை போன்ற எல்லைகள், தனி முகம் கொண்ட பகுதிகள், பலரும் வந்து கூடிப் பிரிகிற சந்திப்புகள், தூரத்திலிருந்தே தெரிகிற அடையாளங்கள். இதில் எனக்கு மிகவும் கைகொடுப்பது எல்லைதான். காலையில் கிளம்பும்போதே ‘ஆறு எனக்கு வலப்பக்கம்’ என்று ஒரு வரி மனதில் போட்டுவைத்தால், எத்தனை சந்து திரும்பினாலும் ஆற்றை நோக்கி நடந்து கணக்கை மறுபடி ஆரம்பிக்கலாம்.

திரும்பும் ஒவ்வொரு முனையிலும் ஒரு முறை பின்னால் பாருங்கள். போகும்போது தெரியும் தெருவும் வரும்போது தெரியும் தெருவும் ஒன்றில்லை. வெயில் இல்லாத நாளில் மொட்டைமாடிகளில் இருக்கும் டிஷ் ஆன்டெனாக்களைப் பார்க்கலாம். அந்தச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்பவை. ஆகவே ஐரோப்பா போன்ற வடபகுதிகளில் டிஷ்கள் தெற்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும், ஆஸ்திரேலியா போன்ற தென்பகுதிகளில் வடக்குப் பக்கமாக. நிலநடுக்கோட்டுக்குக் கிட்டே உள்ள ஊர்களில் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும், அங்கே இந்த வித்தை பலிக்காது.

அப்ப போனை எடுக்கவே கூடாதா?

அப்படி ஒரு விரதமும் வேண்டாம். எப்போது எடுப்பது என்பதில்தான் விஷயம். முந்தின இரவே அந்த ஊரின் வரைபடத்தைப் போனில் இறக்கிவைத்துவிடுங்கள். செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தைக் காட்ட இணையம் தேவையில்லை. திறந்த வெளியில் ஏறக்குறைய ஐந்து மீட்டர் வித்தியாசத்துக்குள் காட்டிவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால், நீங்கள் அடுத்த தெருவில் நிற்பதாக அது சாதிக்கும். நாலு அடி தள்ளிப் போய் மறுபடி பாருங்கள்.

10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று போதும். எண்ணைப் பார்த்து இரண்டு மூன்று முறை ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். மின்னழுத்தத்தை மாற்றும்போது ஒரு பங்கு வீணாகிவிடும், இன்றைய போன்களுக்கு ஒன்றரை முறை வந்தால் பெரிசு. என் வழக்கம்: போன் பையில், சத்தம் அணைத்து. தெரு முடிந்து உட்கார்ந்த பிறகுதான் வெளியே வரும்.

டாய்லெட் அவசரம் வந்தா?

கூச்சப்பட்டு யாரும் முதலில் கேட்க மாட்டார்கள், ஆனால் எல்லோரும் கடைசியில் கேட்பது இதுதான். பெரிய ரயில் நிலையம், பொது நூலகம், பல்பொருள் அங்காடி, அருங்காட்சியகம். இதில் ஒன்றாவது அரை மணி நடையில் இருக்கும். சில இடங்களில் காசு போட்டால்தான் கதவு திறக்கும், சில்லறை அதற்குத்தான். அவசரம் வரும் வரை காத்திருக்காமல், கண்ணில் பட்டபோதே போய்விட்டு வருவது உத்தமம்.

தனியா உக்காந்து சாப்பிடக் கூச்சமா இருக்கே?

நீங்கள் தனியாக உட்கார்ந்திருப்பதை அந்த அறையில் கவனித்துக்கொண்டிருப்பவர் நீங்கள் ஒருவர்தான். சுவரோரம் அல்லது ஜன்னலோரம் உட்கார்ந்தால் பார்க்க ஏதாவது இருக்கும். கூட்டம் வருவதற்கு அரை மணி முன்னால் போனால் இடமும் கிடைக்கும், பரிமாறுபவருக்கு ரெண்டு வார்த்தை பேச நேரமும் இருக்கும்.

மழை வந்துட்டா நாள் வேஸ்ட்தானே?

மூடிய சந்தை, நூலகம், ஒரு முழுச் சுற்று சுற்றி வருகிற டிராம். டிராம் ஜன்னல் வழியாக மழையில் ஊரைப் பார்ப்பதை நான் வேண்டுமென்றே தேடிப்போவேன். மழைச்சட்டை பையில் இருக்கிறது, இல்லையா?

மத்தியானம் மூணு மணிக்கு மேல ஒரு மாதிரி வெறுமையா, ‘எதுக்கு வந்தோம்’னு இருக்கு. எனக்கு மட்டும்தானா?

எல்லோருக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் இந்தப் பழக்கத்தை ஒரே நாளில் கைவிடுகிறார்கள். காலையின் புதுமை தீர்ந்திருக்கும், கால் வலிக்கும், மாலை இன்னும் வந்திருக்காது. அதில் பாதி வெறும் உடம்புக் களைப்பு. அருங்காட்சியகம் பார்ப்பவர்களுக்கு வரும் களைப்பைப் பற்றி பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன் 1916-லேயே எழுதியிருக்கிறார். காட்சிப் பொருளைப் பார்க்கக் குனிவதும் நிமிர்வதுமாகவே ஆள் ஓய்ந்துபோகிறார் என்று படம் பிடித்துக் காட்டினார். தெருவும் அப்படித்தான் ஆளை ஓய்த்துவிடும்.

எனவே மூன்று மணிக்கு ஒரு முடிவும் எடுக்காதீர்கள். அறைக்குத் திரும்பலாமா என்ற முடிவையும் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் எதையாவது சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். பிறகு ஒரு பூங்கா பெஞ்சிலோ, படிக்கட்டிலோ, ரயில் நிலையத்திலோ ஒரு மணி நேரம் நகராமல் உட்காருங்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் அந்த இடத்துக்கென்று இருக்கும் ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். தினமும் அந்த நேரத்துக்கு வருபவர் யார், அவசரமாகக் கடப்பவர் யார், தன் வழக்கமான பெஞ்சில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முறைப்பவர் யார் என்பது புரியும். (ஒரு தடவை அப்படி முறைக்கப்பட்டவன் நான். எழுந்து இடம் கொடுத்தேன். அவர் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் உட்கார்ந்தார், உரிமைக்காரர்.) நாளின் மிகச் சிறந்த பகுதி எனக்குப் பெரும்பாலும் இந்த வெறுமைக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில்தான் கிடைத்திருக்கிறது.

அந்த ஒரு மணிக்குப் பிறகும் போதும் என்று தோன்றினால் தாராளமாகத் திரும்புங்கள். படுத்துத் தூங்குவதும் திட்டத்தில் இல்லாததுதானே.

ஏமாத்திடுவாங்களோன்னு பயம். யார்கிட்டப் பேசலாம், யார்கிட்டப் பேசக்கூடாது?

நான் கடைப்பிடிப்பது ஒரு எளிய விதி: நானாகப் போய்ப் பேசும் ஆளை நம்புவேன், தானாக என்னைத் தேடி வந்து பேசும் ஆளிடம் கொஞ்சம் நிதானிப்பேன். நூறு பேரில் நான் தேர்ந்தெடுத்தவர் ஏமாற்றுக்காரராக இருக்கும் வாய்ப்பு குறைவு. என்னைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஒரு காரணம் இருக்கும். அது வெறும் அன்பாகவும் இருக்கலாம், அதனால் முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை.

உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் சில தந்திரங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். ‘அந்த இடம் இன்னிக்கு மூடியிருக்கு, வேற இடம் காட்டறேன்’ என்பவர். கேட்காமலே கையில் கயிறு கட்டிவிட்டுக் காசு கேட்பவர். படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்க, அந்த நேரத்தில் பையைத் துழாவும் கூட்டாளி. இதற்கெல்லாம் நிற்காமல் நடப்பதுதான் மருந்து. ஆபத்து என்றால் கூப்பிட வேண்டிய எண்ணைக் கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911.

நான் பொண்ணு. இதெல்லாம் ஆம்பளைங்களுக்குச் சரி, எனக்கு ஒத்துவருமா?

நான் ஆண், எனவே இதற்குச் சொந்த அனுபவத்திலிருந்து பேச எனக்கு வாய் இல்லை. தனியாகத் திரியும் தோழிகள் சொன்னதையே தருகிறேன். ஒத்துவரும், ஆனால் இரண்டாவது முடிச்சை முன்னால் நகர்த்திக் கட்ட வேண்டும் என்கிறார்கள். அதாவது நான் இருட்டியபின் திரும்புவேன், அவர்கள் இருட்டுவதற்குள் பழகிய பகுதிக்கு வந்துவிடுகிறார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் சூரியன் மறைந்து அரை மணிக்குள் இருட்டிவிடும். வடக்கே போகப் போக அந்தி நீண்டுகொண்டே இருக்கும். வந்த முதல் நாளே அந்த ஊரின் அந்தியை ஒரு தடவை பார்த்து வைக்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று: தெரு பிடிக்கவில்லை என்று உள்ளுக்குள் தோன்றினால் காரணம் தேடாமல் திரும்பிவிடுவது. ‘தப்பா நினைச்சுப்பாங்களோ’ என்ற மரியாதை அங்கே வேண்டாம் என்று ஒரு தோழி அழுத்திச் சொன்னார். வீட்டில் ஒருவருக்கு மட்டும் இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டு வருவதையும் சொன்னார். அந்த ஒருவர் அடிக்கடி போன் பண்ணாத ஆளாக இருப்பது முக்கியமாம்.

பாஷை தெரியாதே?

வணக்கம், நன்றி, மன்னிக்கணும், எவ்வளவு. இந்த நாலும் போதும். உச்சரிப்பு கோணலாக இருந்தால் இன்னும் நல்லது, எதிராளி சிரித்துவிடுவார்.

ஏழைங்க இருக்கிற தெருவுக்குள்ள நுழைஞ்சு வேடிக்கை பார்க்கறது தப்பு இல்லையா?

இந்தக் கேள்வியை ஒருவர் கேட்ட பிறகுதான் நான் யோசிக்கவே ஆரம்பித்தேன். கால் போன போக்கில் போகும்போது தெரு எங்கே முடிந்து வீடு எங்கே ஆரம்பிக்கிறது என்பது சில இடங்களில் தெரியாது. வாசலிலேயே துவைப்பு, சமையல், குழந்தைக்குக் குளியல் எல்லாம் நடக்கும். அங்கே நான் நடந்துகொண்டிருப்பது அவர்கள் வீட்டு முற்றத்தில். என் அளவுகோல் இது: இதே மாதிரி ஒரு அந்நியர் என் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும்? கடந்து போகலாம், தலையசைக்கலாம், நிற்க வேண்டாம். கேமரா வெளியே வரவே கூடாது.

படம் எடுப்பது பற்றித் தனியாகவும் கேட்கிறார்கள். மற்ற இடங்களில் மனிதர்கள் என்றால் கேட்டுவிட்டு, குழந்தைகள் என்றால் எடுக்காமல். இதற்கு மேல் விதி வைத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு செலவு பண்ணிப் போயிட்டு, அந்த ஊர்ல பார்க்க வேண்டியதைப் பார்க்காம வர்றது முட்டாள்தனம் இல்லையா?

ஒரு நாளைத்தான் விடச் சொல்கிறேன், பயணத்தையே இல்லை. உண்மையாகவே பார்க்க ஆசைப்படும் இடம் இருந்தால் வேறொரு நாள் சீட்டு எடுத்துப் போய்ப் பாருங்கள், நானும் பார்ப்பேன். இந்த ஒரு நாளில் அந்த இடத்தின் வாசல் வழியாகவே கடந்து போக நேர்ந்தால்? உள்ளே போகத் தோன்றினால் போங்கள். வரிசை நீளமாக இருக்கிறது, போகத் தோன்றவில்லை, ஆனாலும் ‘பார்க்காமல் போனால் ஊரில் என்ன சொல்வார்கள்’ என்று நிற்கிறீர்கள் என்றால், அந்த வரிசையில் நிற்பது நீங்கள் இல்லை, ஊர்.

ஒரே ஒரு நாள்தான் அந்த நகரத்தில் என்றால் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். அப்போது நான் பாதி நாளை மட்டும் அவிழ்த்துவிடுவேன். மத்தியானத்துக்குப் பிந்திய பாதியை.

ரெண்டு முனை, மூணு மணி, ஆறு வலப்பக்கம்... இவ்வளவு விதி வெச்சுக்கிட்டு இதுக்குப் பேர் திட்டமில்லாத நாளா?

மாட்டிக்கொண்டேன். ஆனால் மேலே சொன்ன விதிகளில் ஒன்றாவது ‘இதைப் பார்’ என்று சொல்கிறதா? எல்லாமே திரும்பி வருவதற்கான விதிகள். போவதற்கு ஒன்றுகூட இல்லை. திரும்ப முடியும் என்று தெரிந்தால்தான் எனக்கு எந்தச் சந்துக்குள்ளும் நுழையத் துணிச்சல் வருகிறது. இதெல்லாம் இல்லாமலே துணிபவர் நீங்கள் என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பி வந்ததும் ‘என்ன பார்த்தே’ன்னு கேட்கறாங்க. சொல்ல ஒண்ணுமே இல்லையே?

நானும் திணறியிருக்கிறேன். ‘சும்மா நடந்தேன்’ என்றால் அடுத்த கேள்வி ‘ஒடம்பு சரியில்லையா?’ என்று வரும். இப்போதெல்லாம் இரவு படுக்கும் முன் அன்று நடந்த பாதையை நினைவிலிருந்து ஒரு தாளில் கிறுக்கி வைக்கிறேன். தூரம், திசை எதுவும் சரியாக இருக்காது. முறைத்த பெரியவரின் பெஞ்ச் இருக்கும், மழைக்கு ஒதுங்கிய கடை வாசல் இருக்கும், இரண்டு தடவை தவறாகத் திரும்பிய முனை பெரிதாக இருக்கும். கேட்பவர்களிடம் அந்தத் தாளைக் காட்டுகிறேன். பெரும்பாலோர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எப்போதாவது ஒருவர் விரலை வைத்து, ‘இங்க ஏன் கோடு நிக்குது?’ என்று கேட்பார். அவரிடம் சொல்ல எனக்கு ஒரு மணி நேரத்துக்கு விஷயம் இருக்கும்.